மூன்றாவது கிளட்ச் செட்: குவாரி டிப்பருக்கும் பெங்களூர் டிரெய்லருக்கும் எந்த கியர்பாக்ஸ்?

பட்டறையில் சாக்கு விரித்து அதன்மேல் கிளட்ச் பிளேட்டைப் போட்டிருந்தார்கள். லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலை வெளியே தெரிந்தது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகச் சூடு ஏறிய தடம், நடுவே முடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள். கருகிய வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. மேஸ்திரி ஃப்ளைவீலைத் தடவிப் பார்த்து, "இதையும் கடைசல் பிடிக்கணுங்க அம்மணி" என்றார்.

அந்த டிப்பருக்கு 14 மாதத்தில் அது மூன்றாவது கிளட்ச் செட். வண்டிக் கணக்கு எழுதுவது என் வேலை, அதனால் பில் என் கைக்குத்தான் வரும். செலவைவிட எனக்கு உறுத்தியது வேறு. எங்களிடம் அதே மாடல், ஒரே மாதம் எடுத்த டாரஸ் டிப்பர் மூன்று இருக்கின்றன. இரண்டு வண்டிகள் கிரஷரிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி ஊர் ஊராகப் போய்க் கொட்டுகின்றன. அவற்றில் கம்பெனி போட்ட கிளட்ச் அப்படியே இருக்கிறது. மூன்றாவது மட்டும் குவாரிக் குழிக்குள் உடைத்த கல்லை ஏற்றி மேலே கிரஷர் வாய்க்குக் கொண்டு வந்து கொட்டும் வேலை. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். அதுதான் கிளட்சைத் தின்கிறது.

அண்ணன் பில்லைப் பார்த்த அன்றே முடிவெடுத்துவிட்டார். "இனிமே எடுக்கிற வண்டி ஆட்டோமேட்டிக்தான். குழி வண்டியைக் கொடுத்துட்டு ஒண்ணு, பழைய டிரெய்லரைக் கொடுத்துட்டு ஒண்ணு." டிரெய்லர் என்றால், கரூரிலிருந்து சேலம், தர்மபுரி வழியாகப் பெங்களூருக்குக் காகித உருளை ஏற்றிப் போய், திரும்பும்போது ஓசூர்ப் பக்கம் கிடைக்கும் லோடை ஏற்றி வரும் 55 டன் வண்டி. அதற்கும் வயதாகிவிட்டது.

இரண்டு வண்டி என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. கூடுதல் விலையில் ஒவ்வொரு லட்சத்துக்கும், 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணை என்றால், மாதம் சுமார் 2,125 ரூபாய் டியூ ஏறும். ஷோரூமில் ஆட்டோமேட்டிக்குக்குச் சொன்ன வித்தியாசம் ஒரு லட்சத்தோடு நிற்கவில்லை. பதினைந்து நாள் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் பார்த்ததும், அதன்பின் நடந்ததும்தான் இது. இரண்டு வண்டிக்கும் இரண்டு வேறு விடை வந்தது. அதுவும் நான் நினைத்துப் போனதற்கு நேர் எதிராக.

குழிக்குள் ஒரு நாள்

கரூர் மாவட்டத்தில் க.பரமத்திப் பக்கம் குவாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்ட வெட்டக் குழி ஆழமாகும். மேலே வரும் பாதை செங்குத்தாகிக்கொண்டே போகும். எங்கள் வண்டி ஓடும் பாதையில் மோசமான துண்டு, பத்தடி போனால் ஓரடி ஏறும். அந்த ஏற்றத்தின் தலையில்தான் எடைமேடை. முன்னால் ஒரு வண்டி எடை போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் வருகிற வண்டி லோடோடு சரிவிலேயே நிற்க வேண்டும்.

அந்த வண்டியின் டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். இடது முட்டி வலி என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நோட்டும் பேனாவுமாகக் கேபினில் ஏறியதும், "எண்ணிப் பாருங்க அம்மணி, ஒரு நாளைக்கு எத்தனை மிதின்னு. அப்புறம் பேசலாம்" என்றார்.

எண்ணினேன். காலை 7 மணியிலிருந்து மாலை வரை 22 நடை. கிளட்ச் மிதித்தது 870 முறை. அதில் பாதிக்கும் மேல் கியர் மாற்றுவதற்கே இல்லை. வரிசையில் நின்று, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்று, மறுபடி நகர்ந்ததற்கு. ஐந்தாவது நடையிலேயே இன்னொன்றையும் கவனித்தேன். அவர் சரிவில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடுவதே இல்லை. பாதி கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். வண்டி பின்னால் உருளாமலும் முன்னால் போகாமலும் அந்தரத்தில் நிற்கும். அப்படி நிறுத்துவது ஒரு வித்தை, மெச்சத்தான் தோன்றும். ஆனால் அந்த அரை நிமிடமும் எஞ்சின் சக்தி முழுவதும் கிளட்ச் பிளேட்டில் உராய்ந்து சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. எட்டாவது நடையில் அதே கருகல் வாசனை கேபினுக்குள் வந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நானே மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மற்ற இரண்டு டிப்பரிலும் மிதித்தபோது பாதி பலம்கூடத் தேவைப்படவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால், கிளட்ச் பூஸ்டரில் காற்று கசிகிறது. பெடலுக்குக் காற்றழுத்தத்தால் துணை செய்கிற பாகம் அது. அதுதான் வேலை செய்யவில்லை. மூன்று முறை கிளட்ச் மாற்றியும் யாரும் பெடலை மிதித்துப் பார்த்து இதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் இத்தனை நாளாக ஒரு நாளைக்கு எண்ணூறுக்கு மேல் அந்தக் கல்லை மிதித்திருக்கிறார். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. மற்ற எதையும் முடிவு செய்யும் முன்னால் அன்று சாயங்காலமே பூஸ்டரை மாற்றச் சொன்னேன்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான்

ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று சொல்கிறார்களே, அதில் இரண்டு அடியோடு வேறான சாமான்கள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்கிற முடிவு தப்பாகத்தான் போகும்.

முதலாவது ஏஎம்டி, அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன். இது நம்முடைய பழைய கியர்பாக்ஸேதான். அதே பல்சக்கரங்கள், அதே உலர் கிளட்ச் பிளேட். காலும் கையும் செய்கிற வேலையைக் காற்றழுத்தமோ மோட்டாரோ செய்கிறது. எப்போது செய்வது என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்கிறது. வோல்வோவின் ஐ-ஷிப்ட் 2001-இல் வந்தது. இன்று நம் நாட்டுக் கம்பெனிகளும் பெரிய வண்டிகளில் ஏஎம்டி தருகின்றன. லாரி ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று காட்டினால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது முழு ஆட்டோமேட்டிக். இதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்ற எண்ணெய் நிரம்பிய உருண்டை இருக்கும். எஞ்சின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றி எறிய, அந்த வேகத்தில் மறுபக்கம் சுழலும். புறப்படும்போது தேய்வதற்கு உலர் பிளேட் கிடையாது. புறப்படும் நேரத்தில் இழுவிசையைக் கூட்டியும் தரும். கியர் மாறும்போது இழுவை அறுந்துபோகாது. அலிசன் கம்பெனிக்குச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் விலை அதிகம், எண்ணெய் குளிர்விக்கத் தனி ஏற்பாடு வேண்டும், நாங்கள் பார்த்த அளவு டிப்பரில் கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை.

அண்ணன் மனதில் இருந்தது இரண்டாவதன் குணம். ஷோரூமில் விலை சொன்னது முதலாவதற்கு. "கிளட்ச் பெடல் இல்லேன்னா கிளட்ச்சும் இல்லேன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். பெடல்தான் இல்லை, பிளேட் உள்ளேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த விவாதம் ஏறக்குறைய முடிந்தேவிட்டது. அங்கே வேலைக்கு எடுக்கும் பெரிய பிக்கப் வண்டிகளில் ஃபோர்டு சூப்பர் டியூட்டி 2010 மாடலோடு மேனுவலை நிறுத்தியது, ராம் 2018 மாடலோடு. ஆட்டோமேட்டிக் லாரியில் டெஸ்ட் கொடுத்தவருக்கு மேனுவல் லாரி ஓட்ட முடியாதபடி லைசென்ஸிலேயே குறியிட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊர் வண்டி, ரோடு, சர்வீஸ் எல்லாமே வேறு. அதைப் பார்த்து நாம் முடிவெடுக்க முடியாது.

ஏற்றத்தின் கணக்கு

28 டன் எடையோடு ஒரு வண்டி பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மண் பாதையில் ஏறுகிறது. சரிவு பின்னால் இழுக்கும் விசை மட்டும் 2.8 டன். மண் பாதையின் இழுப்பையும் சேர்த்தால் மூன்றரை டன்னுக்கு மேல். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது இந்த மூன்றரை டன்னையும் கிளட்ச் பிளேட்தான் தாங்கிக் கடத்த வேண்டும்.

எந்த கியரில் புறப்படுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் டிப்பரில் 9 கியர், அதில் முதலாவது கிரால் கியர். அதில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போகும். சாதாரணமாக நடக்கும் மனிதனின் பாதி வேகம். அதாவது வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் உராய்வு இல்லை. டிரைவர் அண்ணன் புறப்பட்டுக்கொண்டிருந்த கியரில் அதே 1,000 சுற்றுக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த வேகம் வரும்வரை பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும். வேகம் இரண்டரை மடங்கு என்றால் சமதளத்தில்கூட ஒரு புறப்பாட்டுக்குக் கிளட்ச் தாங்கும் சூடு ஆறு மடங்கு. சரிவில் இன்னும் அதிகம். இதில் கொடுமை என்னவென்றால், எடைமேடை வரிசை நகர்வதே மூன்று நாலு கிலோமீட்டர் வேகத்தில்தான். அதனால் அந்த கியரில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கிற நேரமே வராது. வரிசை முழுக்க வழுக்கல்தான்.

கிரால் கியரை ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். "அது ஆமை மாதிரிங்க. அதைப் போட்டா உடனே அடுத்தது மாத்தணும். இன்னொரு மிதி." கல் மாதிரி பெடலை மிதிக்கிற மனிதர், ஒரு மிதியைக் குறைக்க கியரைத் தாண்டியிருக்கிறார். பூஸ்டரின் கசிவு, தாண்டிய கியர், எரிந்த கிளட்ச், முட்டி வலி எல்லாம் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டெமோ வண்டி

இருந்தாலும் ஏஎம்டியைப் பார்க்காமல் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஷோரூமில் கேட்டதும் ஒரு டெமோ டிப்பரை அவர்கள் ஆளோடு ஒரு நாள் அனுப்பினார்கள். முதல் நாள் இரவு நல்ல மழை. அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

நல்லதை முதலில் சொல்கிறேன். சரிவில் நின்று புறப்படுவதில் அது எங்கள் டிரைவரை ஜெயித்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் சில விநாடி அதுவே பிடித்து நிற்கிறது; லோடையும் சரிவையும் கணக்கிட்டு ஆகக் கீழான கியரில்தான் புறப்படுகிறது. தாண்டிப் போட அதற்குத் தெரியாது. பத்து வண்டிக்குப் பத்து டிரைவர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஒரு குணமே போதும் என்று தோன்றியது.

அப்புறம் டிரைவர் அண்ணன் ஓட்டினார். வழக்கப்படி சரிவில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டில் கிளட்ச் சூடு என்று எச்சரிக்கை வந்து பீப் அடித்தது. எச்சரிக்கிறது, நல்லதுதான். ஆனால் பிளேட் சூடாகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பழக்கம் மாறாவிட்டால் இந்த வண்டியிலும் கிளட்ச் எரியும்.

மழையில் ஊறிய மண் துண்டில்தான் உண்மையான சிக்கல். ஏற்றத்தின் நடுவே வண்டி தானாக கியர் மாற்றியது. ஏஎம்டியில் மாறும் நேரத்தில் ஒரு கணம் இழுவை அறும். கெட்டித் தரையில் அது தெரியாது. சேற்றில் அந்த ஒரு கணத்தில் வண்டி நின்றேவிட்டது; மறுபடி இழுக்கும்போது பின் சக்கரம் சுற்றிக் குழி பறித்தது. டெமோ ஆள் கியரை எம்-இல், அதாவது நாமே மாற்றும் மேனுவல் நிலையில் பூட்டி, ஒரே கியரில் ஏறிக் காட்டினார். ஏறியது. "எப்பவும் அதிலயே ஓட்டணும்னா நான் பழைய வண்டியிலயே ஓட்டிக்கிறேனுங்க" என்றார் எங்கள் டிரைவர். அதில் நியாயம் இருந்தது.

கிரஷர் வாயில் பின்னால் எடுத்துச் சேர்ப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி ஒரு ஜாண் தூரத்துக்கு டெமோ ஆள் பிரேக்கால் அளந்து விட்டார், எங்கள் ஆள் கிளட்ச்சால் அளப்பார். பழகினால் இரண்டும் ஒன்றுதான்.

முடிவைத் தீர்மானித்தது பழுது பார்க்கும் தூரம். இப்போதுள்ள வண்டிக்குக் கிளட்ச் போனால் எங்கள் மேஸ்திரி காலையில் இறக்கிச் சாயங்காலம் ஏற்றிவிடுவார். ஏஎம்டியில் பிளேட் மாற்றினால் அதோடு வேலை முடியாது; புதுப் பிளேட் எங்கே பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க கம்பெனி லேப்டாப் வேண்டும். சென்சார் ஒன்று தூசியில் கெட்டால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இன்னொரு வண்டியால் இழுத்து ஸ்டார்ட் செய்கிற வழியும் கிடையாது. ரோட்டு வண்டி ஒரு நாள் நின்றால் அந்த ஒரு வண்டியின் வாடகை போகும். குழி வண்டி நின்றால் கிரஷர் வாய் காலியாகும், மற்ற இரண்டு டிப்பருக்கும் லோடு இருக்காது, கிரஷர் முதலாளியின் போன் வரும்.

அதனால் குழிக்கு ஏஎம்டி வேண்டாம் என்று எழுதினேன். அதோடு நிற்கவில்லை. பூஸ்டர் மாற்றி, கிரால் கியரில் புறப்பட்டு, எடைமேடை காலியாகும்வரை ஏற்றத்தின் அடியில் சமதளத்தில் காத்திருந்து ஒரே மூச்சில் ஏறினால், குழிக்குப் புது வண்டியே வேண்டாம் என்றும் எழுதினேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. புது வண்டி மனதில் வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுத்து வைப்பது கஷ்டம். ஆறு மாதம் பார்க்கலாம் என்று சம்மதித்தார். கிரஷர்காரரும் எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, மேலிருந்து ஒரு ஆள் பச்சைத் துணி காட்டினால்தான் கீழிருந்து வண்டி புறப்படும் என்று ஏற்பாடு செய்துகொடுத்தார்.

தொப்பூர்

டிரெய்லருக்கு நான் மேனுவல்தான் சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹைவேயில் ஒரு தடவை டாப் கியர் போட்டால் போட்டதுதான், அங்கே எதற்கு ஆட்டோமேட்டிக் என்பது பொதுவான பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு முறை பெங்களூர் போய்த் திரும்பும்வரை.

பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300-க்கும் கீழே. போகும்போது ஏறிய அவ்வளவையும் திரும்பும்போது இறங்க வேண்டும். அதில் தர்மபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர்க் கணவாயை லாரிக்காரர்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை விபத்து, எத்தனை உயிர். ரோட்டோரம் போர்டுகள் வைத்து, ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தும் நடக்கிறது.

அங்கே நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். வண்டி வேகம் பிடிக்கிறது. பிரேக்கை அழுத்துகிறார்கள், மறுபடி அழுத்துகிறார்கள். 55 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அதில் விடுபடும் சக்தி, 180 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கைத் தின்றுவிடும். கியரில் இருந்தால் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினையே பிரேக் ஆக்கும் ஏற்பாடு) பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தால் மீதி முழுக்கப் பிரேக் டிரம்முக்குத்தான். டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கிறது. அந்த நேரத்தில் கியருக்குத் திரும்பலாம் என்றால், அந்த வேகத்துக்குக் கீழ் கியர் விழாது. பல் கடிக்கும் சத்தம்தான் வரும்.

டீசல் மிச்சம் என்ற நம்பிக்கையும் பழைய பம்ப் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஓட டீசல் வேண்டும். பிரேக் பிடித்தே தீர வேண்டிய இறக்கத்தில் நியூட்ரல் ஒரு சொட்டுகூட மிச்சப்படுத்தாது. இதை நான் எங்கள் டிரைவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். தொப்பூரில் இரவு 2 மணிக்கு என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் போன அந்த நடையில், கணவாய்க்கு முன்னால் எங்கள் டிரெய்லர் டிரைவர் கியரைக் குறைக்கும்போது ஒரு கியர் விழவில்லை. மறுபடி கிளட்ச் மிதித்து, எஞ்சினை ஏற்றிப் போட்டார்; விழுந்தது. இரண்டு விநாடிகூட இருக்காது. அவர் கெட்டிக்காரர், அதற்கு முந்தைய இரவு சரியாகத் தூங்காதவர். அந்த இரண்டு விநாடியில் வண்டி முன்னால் குதித்த வேகம் என் வயிற்றில் இன்னும் இருக்கிறது. கணவாய்க்குள் நடந்திருந்தால்?

டிரெய்லர் ஏஎம்டி என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதும் அது தானே கியரைக் குறைத்து எஞ்சின் சுற்றை ஏற்றிப் பிடிக்கும். கியர் விழாமல் போகும் அந்த இரண்டு விநாடி அதில் மிகமிக அரிது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தானாக கியர் மாறும் டி-யில் போட்டுவிட்டு எக்ஸாஸ்ட் பிரேக்கையும் தொடாமல் இறங்கினால், வேகம் கூடக் கூட அது மேல் கியருக்குப் போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே எம்-இல் பூட்டிக் கீழ் கியரில் இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நாங்கள் வண்டி எடுத்ததும் முதல் நடைக்குக் கம்பெனிப் பயிற்சியாளரைக் கேட்டு வாங்கிக் கூட அனுப்பினோம். வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

குழிக்குத் தடையாக இருந்த எதுவும் இங்கே இல்லை. ரோடு கெட்டி, கியர் மாறும்போது அறும் இழுவை உறைக்காது. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போகும் வழியிலேயே சர்வீஸ் இருக்கிறது. வண்டி நின்றால் அது மட்டும்தான் நிற்கும்.

அதன்பிறகு

குழி வண்டி எட்டு மாதமாக அதே கிளட்ச்சில் ஓடுகிறது. முந்தைய கணக்குப்படி இன்னொரு செட் மாற்றியிருக்க வேண்டிய காலம் தாண்டிவிட்டது. பெடல் மற்ற வண்டிகளைப் போல ஆகிவிட்டது. மழை நாளில் பச்சைத் துணி தெரியவில்லை என்று இப்போது விளக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியை இப்போது ஓட்டுவது முப்பது வயதுத் தம்பி ஒருவர். முதல் நாளிலிருந்தே கிரால் கியரில் புறப்பட்டுப் பழகியதால் அவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

பழைய டிரைவர் அண்ணன் டிரெய்லருக்கு மாறினார். அவர் கேட்டு மாறவில்லை. டாக்டர் அந்த முட்டிக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதிக்கொடுத்த பிறகு நான்தான் கேட்டேன். "அது நெனைக்கிறப்போ கியர் மாத்தும், நம்ம சொல்றதைக் கேக்காது" என்று முதலில் மறுத்தார். பெங்களூர் ரோடு அவருக்கு அப்பா காலத்திலேயே அத்துபடி. இரண்டு நடை கூட ஆள் வைத்து அனுப்பினோம். முதல் மாதம் முழுக்க இடது கால் தானாகவே பெடலைத் தேடித் தரையை மிதித்ததாம். இப்போது கியரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஏசி ரொம்பக் குளிர்கிறது என்பதுதான் புகார். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம் என்பதால் அதைப் பற்றி நான் ஒன்றும் செய்ய முடியாது.

மைலேஜைப் பற்றிக் கேட்பார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி பழைய வண்டி பிஎஸ்-4, புதியது பிஎஸ்-6, எஞ்சினே வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏஎம்டியால் இவ்வளவு மிச்சம் என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. கணக்கு நோட்டில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். முன்பு யார் ஓட்டினார்கள் என்று டீசல் பில்லைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள், பில்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு இன்னும் ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து நாமக்கல்லில் விற்கப் போனால் ஏஎம்டி வண்டிக்கு என்ன விலை சொல்வார்கள் என்பது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கியர்பாக்ஸ் ரிப்பேருக்கு அஞ்சி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. அதற்கென்று டியூவோடு சேர்த்து மாதம் ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறோம்.

குழியில் இரவு வேலையும் சேர்த்து இரண்டு ஷிப்ட் ஓட்டலாமா என்று கிரஷர்காரர் போன வாரம் கேட்டிருக்கிறார். அது நடந்தால் 22 நடை என்பது 40-ஐத் தாண்டும், பாதையும் அதற்குள் இன்னும் ஆழமாகியிருக்கும். அப்போது டார்க் கன்வர்ட்டர் வண்டியின் விலையை மறுபடி விசாரிப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். அதற்காக எடைமேடையில் ஒரு நோட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு நடையிலும் வண்டி சரிவில் நின்று புறப்பட்டது எத்தனை முறை என்று அந்தத் தம்பி கோடு போட்டு வருகிறார்.